அமீர் பாஷா வீட்டில் மவுத்

குளிப்பாட்டி முடித்து, அண்ணி ஷஹீன் பானுவின் கூந்தலை மூன்று சடையாகப் பிரித்து ஜஹீதா பின்னிக்கொண்டிருந்தாள். கடைசிச் சடையில் கை இருக்கும்போது, கூடத்தில் ஒரு பெண் ஓலமிட்டபடி நுழைந்து சட்டென்று அடங்குவது கேட்டது.

"யா அல்லா... நீங்க நல்லாத்தான் இருக்கீங்களாம்மா? அப்போ மவுத்து யாருக்கு?"

காலையிலிருந்து இதே கூத்து. ஜஹீதாவின் அம்மா கூடத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்க, வருகிறவர்களெல்லாம் அவளுக்காக அழுதுகொண்டு வந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'அமீர் பாஷா சாஹிப் வீட்டில் மவுத். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்.' பள்ளிவாசல் மைக்கிலும் வாட்ஸ்அப்பிலும் அவ்வளவுதான். விடியற்காலையில் மாரடைப்பில் போன அண்ணிக்குச் சொல்ல ஒரு பேர்கூடவா இல்லை?

போன் அடித்தது. பாதிச் சடையை அண்ணியின் மகள் தூபாவிடம் கொடுத்துவிட்டு எடுத்தாள். சத்துவாச்சாரியிலிருந்து நிஷா.

"அக்கா, இப்பதான் மெசேஜ் பார்த்தேன். அம்மாவா? ரொம்ப கஷ்டமா இருக்கு. ஷஹீன் அக்கா போன் எடுக்கல. சனிக்கிழமை படிக்கறத தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க."

"அம்மா இல்ல நிஷா. எங்க பாபி, உன் ஷஹீன் அக்காதான்" என்றாள் ஜஹீதா. நிஷா "பஸ் ஏறிட்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அஞ்சல் வழியில் ஜஹீதா, ஷஹீன், நிஷா மூவரும் எம்.ஏ. படித்தபோது ஆஸ்திரேலிய இலக்கியம் ஒரு பாடம். பரீட்சை முடிந்தும் அவர்கள் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் போனில் ஒரு கதையைப் பிய்த்து எடுப்பார்கள். காட்டு வீட்டில் தனியாய்க் கிடக்கும் பெண்களைப் பற்றிய பழைய கதைகளைப் படித்தால் ஷஹீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாய்க்குகூட பேர் வெச்சிருக்கான் பாரு. இவ மட்டும் இன்னார் பொண்டாட்டி!"

போன மாதம் படித்தது இந்தக் காலத்து ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருத்தி எழுதிய நாவல். அவர்கள் சனத்தில் இறந்தவர் பேரைக் கொஞ்ச காலம் உச்சரிக்க மாட்டார்களாம், அது மரியாதை. நிஷாவுக்கு அது பிடித்திருந்தது. ஷஹீன் சிரித்தாள்.

"உயிரோட இருக்கறப்ப ஆசையா கூப்ட்டவங்க, செத்தப்புறம் நிறுத்தினா மரியாதைதான். என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டதே இல்லியே, இவங்க எத நிறுத்துவாங்க?"

ஜஹீதா வாசலுக்குப் போனாள். அண்ணன் அமீர் பாஷாவைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாய்ஜான், பாபி பேரச் சொல்லி இன்னொரு வாட்டி அறிவிக்கச் சொல்லுங்க."

"பள்ளிவாசல்ல மோதினார் பேர் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். பொம்பள பேர ஊரெல்லாம் மைக்ல கத்தணுமா? எல்லாம் நீங்க படிக்கற புஸ்தகம் பண்ற வேலை."

"நிக்காஹ்ல சபைய வெச்சு அந்தப் பேரச் சொன்னப்ப இனிச்சுதா?"

"பேஜார் பண்ணாத. உள்ள போ."

போனாள். இத்தனை வருஷம் இந்த மனிதருக்கு வேளை தவறாமல் பொங்கிப் போட்டவள் அண்ணி. தூபா ஒரு கையால் சடையைப் பிடித்தபடியே, மறு கையால் தன் போனில் மோதினாரின் நம்பரை எடுத்து நீட்டினாள்.

"அமீர் பாஷா வீட்லருந்து, அவரு தங்கச்சி பேசறேன். மவுத்தானது அவர் சம்சாரம். பேரு ஷஹீன் பானு."

"காலையிலயே குடுத்திருக்கலாமேம்மா" என்றார் மோதினார். அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு!

சிறிது நேரத்தில் மைக் கரகரத்தது. 'அமீர் பாஷா சாஹிபின் மனைவி ஷஹீன் பானு...'

வாசலில் ஆண்கள் அமீர் பாஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனோடு வெகுகாலமாகத் தோல் வியாபாரம் செய்யும் உமர் ஃபாரூக், இந்த வீட்டில் எத்தனையோ முறை பிரியாணி சாப்பிட்டவர், அவர் பக்கம் சாய்ந்தார்.

"உங்க வீட்ல பேரு ஷஹீன் பானுவா, பாய்?"

அமீர் பாஷா தலையை ஆட்டினார்.

"நல்ல பேரு."

உள்ளே, தூபா இன்னும் பிடியை விட்டிருக்கவில்லை. ஜஹீதா அவள் கையிலிருந்து பாதிச் சடையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.