விளம்பரம் இல்லாத ஒரு மாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிக்கிறான், காலை ரயில் ஓடுமா ஓடாதா, எல்லாம் எட்வர்டின் இணையதளத்தில் இருக்கும். ஆரம்பாக்கத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவன் ஒருவனே நடத்தினான். வயிற்றுப்பாடு விளம்பரத்தில் ஓடியது. என்ன விளம்பரம் வரும் என்பது மட்டும் அவன் கையில் இல்லை. எங்கிருந்தோ எவனோ அனுப்புவான், பக்கத்தில் வந்து உட்காரும்.

அப்படி வந்ததுதான் அந்த ஐந்து நிமிடக் கடன் விளம்பரம். கெங்கம்மாளின் மகன் ஜெகன் வேலைச் செய்தி படிக்கப் போய் அதைத் தொட்டு, கடனும் வாங்கிவிட்டான். தவணை தவறியதும், கடன் கொடுத்தவர்கள் கெங்கம்மாளின் படத்துக்குக் கீழே 'திருடி' என்று எழுதி, அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள் அவள். படம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

அவள் எட்வர்டைத் திட்டவில்லை. வாசலில் நின்று, "உன்னுது படிக்கப் போயிதான் நைனா மாட்னான். அத்த நிறுத்த முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விளம்பரத்தை எடுத்தான். மாதம் முப்பது ரூபாய் கட்டிப் படிக்கலாம் என்று அறிவித்தான். அதற்கு முன் டீக்கடையில் கேட்டபோது கை தூக்காத ஆள் இல்லை. "முப்பது ரூபாலாம் ஒரு காசா எட்வர்ட்டு? அந்த விளம்பரம் ஒரே பேஜாரு. மொதல்ல தூக்கு," என்றான் வெல்டர் சரவணன். சொல்வதற்குக் காசா பணமா?

மாதம் முடிந்தது. கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வழியில் பார்த்தவனெல்லாம் அவன் போட்ட செய்தியைத்தான் பேசினான். எட்வர்ட் சரவணனைப் பிடித்துக் கேட்டான்.

"எங்க கம்பெனி வண்டில ஒருத்தன் கட்னா போதும்பா. படம் புடிச்சி குரூப்ல போட்ருவான், எல்லாம் படிச்சிக்கினே போவோம். ஒரு பேப்பர வாங்கி பத்து பேரு படிக்கறதில்லியா?" சரவணன் பெருமையாகவே சொன்னான். "வண்டி பூரா உன் நியூஸ்தான்."

"யாரு கட்றது?"

"நம்ம ஜெகன். அவங்கம்மா கட்டிருக்கு."

எட்வர்டுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவள் படம் வந்தபோது பார்த்துச் சிரித்த அதே குரூப்தான் இது. இப்போது அவள் பாத்திரம் கழுவிய காசில் தொல்லையில்லாமல் செய்தி படிக்கிறது.

அவன் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அடுப்பு எரிய வேண்டுமே. கட்டியவருக்கு விளம்பரம் இல்லாமல், மற்றவருக்கு விளம்பரத்தோடு என்று இரண்டு விதமாகத் தளம் நடத்த வசதியும் இல்லை. கட்டணத்தை நிறுத்தி, விளம்பரத்தைத் திரும்பப் போட்டான். முதலில் வந்ததே ஐந்து நிமிடக் கடன்தான். உடனே சரவணனிடமிருந்து செய்தி வந்தது: 'நீயும் டப்புக்கு மாறிட்டியே எட்வர்ட்டு.'

மறுநாள் வேலை முடிந்து கெங்கம்மாள் வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. "போன மாசம் ஒரு தொல்லையும் இல்ல நைனா. புள்ள நிம்மதியா இருந்தான்," என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து முப்பது ரூபாயை நீட்டினாள்.

"வேணாம்க்கா," என்றான் எட்வர்ட்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா, வெல ஏத்திட்டியா? பரவால்ல, எவ்ளோன்னு சொல்லு. கட்றேன்."