டீச்சரின் ஹார்டு டிஸ்க்

"எல்லாம் அழிஞ்சிடுச்சுல்ல, ஜாஸ்பர்?" புஷ்பவல்லி டீச்சர் மறுபடியும் கேட்டார்.

"ஃபார்மேட் போட்டாச்சு டீச்சர். பாருங்க, காலி." என் முதலாளி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

ஃபைல்களின் பெயர்கள்தான் போயிருந்தன. படங்கள் டிஸ்கின் உள்ளேயே இருந்தன. இலவச மென்பொருள் ஒன்று போதும், திரும்ப எடுத்துவிடலாம்.

ஜாஸ்பர் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தபோது டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். "எம்பொண்ணு போட்டோ இருக்கும்மா இதுல. அவன் அடிச்ச காயம். கோர்ட்டுல காட்ட நாந்தான் எடுத்தேன். விவாகரத்து கெடச்சிடுச்சு. இனிமே யாரும் பாக்கக் கூடாது."

கடையில் கழற்றிப் போடும் பழைய லேப்டாப் டிஸ்குகளை அண்ணன் எறிவதில்லை. புது உறை மாட்டி, தனி ஹார்டு டிஸ்க் என்று விற்பார். இதை வாங்க சிவசங்கர் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். சுரங்கத்தில் அப்ரண்டிஸ், ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். சுரங்கக் குடியிருப்பில் டீச்சரின் மகள் இருக்கும் அதே பிளாக்கில்தான் அவன் வீடும்.

இறுகியிருந்த ஸ்க்ரூவையே மறுபடி இறுக்கினேன். டிஸ்கைத் துடைத்தேன். இடம் மாற்றி வைத்தேன்.

"ஸ்டெல்லா, அத எத்தினி வாட்டி தொடைப்ப? தேஞ்சிடப் போவுது" என்றார் அண்ணன்.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

"டீச்சர்." எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். திரும்பினார்.

"அது அழியல டீச்சர்."

அண்ணன் சிரித்தார். "பிஎஸ்சி ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணு, டீச்சர். வாயே தொறக்காது, தொறந்தா இப்டித்தான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப எப்படிம்மா அழிக்கிறது?"

"உடைக்கணும்."

"சுத்தி இருக்கா?"

"டீச்சர், வாசல்ல நிக்கிற தம்பிக்குச் சொல்லி வச்சிட்டேன்..." அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்தத் தம்பி?"

டீச்சர் வாசலைப் பார்த்தார். சிவசங்கர் தலையைக் குனிந்து போனை நோண்டினான்.

நான் மூடியைக் கழற்றினேன். உள்ளே வட்டத் தகடு கண்ணாடி போல மின்னியது. இந்த வகை டிஸ்கில் அது கண்ணாடியேதான். துணியில் சுற்றித் தரையில் வைத்து, சுத்தியலை டீச்சரிடம் கொடுத்தேன்.

"நாளைக்கு நீ வர வேணாம்" என்றார் அண்ணன்.

துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் அடியிலேயே நொறுங்கும் சத்தம் கேட்டது. டீச்சர் நிறுத்தவில்லை. வெளியே வண்டி கிளம்பிப் போனது. துணிக்குள் இருந்தது மணல் மாதிரி சரிந்தது.

"போதும் டீச்சர். இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

"நெஜமாவா?" என்னைத்தான் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

இன்னும் ஓர் அடி அடித்தார்.