டியூப் எடுத்த நாள்

மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அமலநாதன் ஹாலில், மடக்குக் கட்டிலில்தான் படுத்தார். புரோஸ்டேட் வீங்கி ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டதால் டியூப் போட்டிருந்தார்கள். அதன் முனையில் இருந்த பை கட்டில் கம்பியில் தொங்கியது.

"டியூப் எடுத்ததும் ரூமுக்கு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். டாக்டர் உத்தரவாக்கும் என்று நினைத்து பியாட்ரிஸும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று காலை, யோங் பெங் ஊரில் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் பிரேமலா வந்து டியூபை எடுத்தார்.

"தண்ணி நல்லா குடிங்க அங்கிள். தானா போச்சுன்னா டியூப் வேணாம். மத்தியானம் வரேன். முன்னாடியே வலிச்சா போன் பண்ணுங்க."

அமலநாதன் பையில்லாமல் வாசல் கேட் வரை நடந்து போய்த் திரும்பினார். தன் தலையணையைத் தானே கொண்டுபோய் ரூம் கட்டிலில் வைத்தார். பியாட்ரிஸ் பார்லி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

முதல் தடவை கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் வரும் என்று யாரோ சொன்னது நினைவு வந்து, பியாட்ரிஸ் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார்.

"என்னாங்க, போவுதா?"

"குழாய் போவுது லா. நான்தான் போகல."

"செபமாலை சொல்லவா?"

"ஒண்ணுக்குப் போறதுக்கெல்லாம் மாதாவைக் கூப்பிடாத!"

இரண்டாவது தடவை சில சொட்டுகள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பியாட்ரிஸ் போன் செய்தார்.

பிரேமலா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் டியூப் போட்டார். பை நிறைய நிறைய அமலநாதனின் முகத்தில் வலி தணிந்தது. ஆனால் அவர் யாரையும் பார்க்கவில்லை.

"முதல் தடவையிலேயே எல்லாருக்கும் வராது அங்கிள். டாக்டர்கிட்ட சொல்றேன். இன்னொரு நாள் பார்க்கலாம்."

"தலைகாணிய எடுத்துட்டு வா" என்றார் அவர், மனைவியிடம்.

பியாட்ரிஸ் நகரவில்லை. "மிஸ்ஸி, டியூபோட ரெண்டு பேர் ஒரே கட்டில்ல படுக்கக் கூடாதா?"

"தாராளமா படுக்கலாம் அண்ட்டி. பை இடுப்புக்குக் கீழ தொங்கணும், டியூப் மடங்கக் கூடாது. அவ்வளவுதான். யாரு கூடாதுன்னு சொன்னது?"

பியாட்ரிஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"நாத்தமடிக்குமேன்னுதான்... உனக்குத் தூக்கம் கெடும்."

"பக்கத்துல குறட்டை இல்லாமதான் எனக்கு இத்தனை நாளா தூக்கம் வரல. வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல, மனுஷா?"

பிரேமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் மருந்துப் பையை மூடினார்.

கட்டிலில் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அமலநாதன் சுவர்ப் பக்கம். அங்கே பை தொங்க இடமில்லை. அன்றிரவு பியாட்ரிஸ் முதலில் ஏறி, சுவரோரம் நகர்ந்து படுத்தார். அமலநாதன் பையைக் கட்டிலின் வெளிப்பக்கக் கட்டையில் மாட்டிவிட்டு, டியூபை நேராக்கி, மெல்லச் சாய்ந்தார்.

"இங்க ஃபேன் காத்தே வரலீங்க" என்றார் பியாட்ரிஸ்.

"இத்தனை வருஷமா எனக்கும்தான் வரல. சொன்னேனா?"

"எதைத்தான் சொன்னீங்க?"

அவர் கையை மனைவி பக்கம் நீட்டினார்.