துரையின் வாலும் மேற்படி தண்ணீரும்

தண்ணீரில் குறை கிடையாது என்று சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவர் அவர். குடிநீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர். யார் எந்தக் குறையோடு போன் செய்தாலும் அவருடைய முதல் வாக்கியம், “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறோம்.” அடுத்த வாக்கியம், “தண்ணீரில் குறை இருக்க வாய்ப்பில்லை.” அதற்கு மேல் போனை வைக்காமல் நின்று பிடிக்கிற வாடிக்கையாளர் அபூர்வம். இந்தத் தேர்ச்சியை மெச்சி அலுவலகத்தில் அவருக்கு ‘வருத்தம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அதைப் பட்டம் கிடைத்தது போல ஏற்றுக்கொண்டார்.

ஆள் கெட்டவர் இல்லை. பக்கத்து மேசைப் பெண் இருமினால் எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வருவார். காலையில் கண்ணை மூடிக் கும்பிடும்போது, தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்க்கும் சேர்த்து வேண்டிக்கொள்வார். போனைக் காதில் வைத்தவுடன் மட்டும் அவருக்குள் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்.

அவரிடம்தான் மாமனார் தன் மீனை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மாமனார் ரயில் இஞ்சின் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் பேச்சைக் குறைத்தார். மாமியார் போன பிறகு அறவே விட்டுவிட்டார். மகள்கள் கேட்டால் “ம்” என்பார். பேரப்பிள்ளைகள் கேட்டால் தலையை ஆட்டுவார். அவர் வாய் திறந்து பேசுவது துரையிடம் மட்டும். துரை என்பது ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். வேட்டியை விசிறியாக விரித்தாற்போல வாலும், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு முகமும் அதற்கு உண்டு. தினமும் காலையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முட்டி வலியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஹாரன் வரைக்கும் துரையிடம் ஒப்பிப்பார்.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஏற்பாடாயிற்று. ஆஸ்பத்திரி பெரிய மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், கொஞ்ச நாள் அங்கே தங்குவது என்று முடிவானது. அங்கே ஒரு பூனை. ஆகவே துரை இளைய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கிளம்பும்போது மாமனார் மாப்பிள்ளையிடம் அபூர்வமாக நாலு வார்த்தை பேசினார். குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்துவிட வேண்டும், தினமும் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்துவிட்டு, பிடித்து வைத்ததில் ஒரு சொம்பு விட வேண்டும், அவ்வளவுதான். வருத்தம் சார் எல்லாவற்றுக்கும் “கண்டிப்பா மாமா” என்றார். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற ‘கண்டிப்பா’ அது.

குழாய்த் தண்ணீராவது, இந்த வீட்டிலாவது! அவருடைய சமையலறைச் சுவரில் கம்பெனியின் உயர்ந்த மாடல் நீல விளக்கு எரிய மாட்டிக்கிடந்தது. மாமா பாவம், பழைய மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, தொட்டி முழுக்கச் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பினார். அழகுக்கு ஒரு பிளாஸ்டிக் செடியும் வாங்கி நட்டார். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கண்ணாடி போல இருக்கிற தண்ணீரை எதற்காக மாற்றுவது? குறைகிறபோது மேலே ஊற்றினால் போதாதா?

இப்படியே சில வாரம் ஓடியது. ஆபரேஷன் ஆன கண் ஆறும்வரை மாமனாருக்கு வீடியோ பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் தினமும் காலையில் போன் செய்து, அதைத் தொட்டியின் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார். வருத்தம் சார் ஒரு கையில் காபியும் ஒரு கையில் போனுமாக நிற்க, மாமனார் அங்கிருந்தபடி துரையிடம் பத்தியச் சாப்பாட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார். முடிவில், “துரை எப்படி இருக்கான் மாப்பிள்ளை?” என்று கேட்பார். “ஒரு குறையும் இல்ல மாமா” என்பார் இவர். நாக்குக்குப் பழகிய வாக்கியம், நெஞ்சைக் கேட்காமலே வந்துவிடும்.

ஒரு நாள் அவர் மனைவிதான் முதலில் பார்த்தாள். வாலின் ஓரம் எலி கடித்த துணி போலக் கிழிந்திருந்தது. விளிம்பில் ஒரு கருமை. துரை விசிறியை மடக்கிக்கொண்டு, செடிக்குப் பின்னால் தலை குனிந்து கிடந்தது.

“தண்ணி சரியில்லையோ?” என்றாள்.

“தண்ணியில குறை இருக்க வாய்ப்பே இல்ல” என்றார் அவர்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “நான் உங்க கஸ்டமர் இல்லீங்க.”

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும் துடுப்பு அழுகல் நோய் என்று சொல்லி, தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் மருந்து கொடுத்தார். தண்ணீரை மாற்றினீர்களா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை வருத்தம் சார் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, மருந்தை மட்டும் வாங்கி வந்தார். மருந்து விட்டதும் தொட்டி மஞ்சளாயிற்று. மஞ்சள் தண்ணீரைப் பார்க்கிற மனது அவருக்கு இல்லை. மறுநாளே மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஏற்கெனவே சுத்திகரித்த தண்ணீரைக் கருவியில் இன்னொரு தடவை விட்டு எடுத்து நிரப்பினார். இந்த உலகத்தில் எந்த மீனும் இவ்வளவு சுத்தத்தில் நீந்தியிருக்காது. துரையோ நீந்துவதையே நிறுத்திவிட்டது. போட்ட தீனி மேலேயே மிதந்தது.

மாமனார் இன்னும் இரண்டு வாரத்தில் வருவதாக இருந்தார். வருத்தம் சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. மீன் கடையில் அதே சிவப்பில், அதே வாலோடு, அதே அலட்சிய முகத்தோடு இன்னொன்று இருந்தது. மனைவியின் காதில் மெதுவாகப் போட்டார்.

“அப்பா கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்றாருங்க” என்றாள் அவள். “முன்னைவிட நல்லாவே தெரியும்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “அம்மா போனப்புறம் அவர் பேசறது இது ஒண்ணுகிட்டதான். இது போச்சுன்னா அப்பா வாயே திறக்க மாட்டார்.”

அன்றைக்கு அவர் கும்பிட உட்கார்ந்தபோது வேண்டுதல் வரவில்லை. கடவுளுக்குத் தினமும் எத்தனை கோடிப் புகார் போகும், அவர் ஒன்றையாவது கேட்காமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருப்பாரா என்ற நினைப்புத்தான் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது: மேற்படி அம்மா.

மேற்படி அம்மா ஒரு வாடிக்கையாளர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மனுக்களைத் தட்டியே பேச்சும் அப்படி ஆகிவிட்டது. “மேற்படி கருவியிலிருந்து வரும் மேற்படி தண்ணீரில், சென்ற மாதம் தெரிவித்த மேற்படி நாற்றம் இன்னும் மேற்படியே உள்ளது” என்று போனில் சொல்வார். புகார்ப் பிரிவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வருத்தம் சார் வருத்தம் தெரிவித்துப் புகாரை மூடுவார். அந்த அம்மா மறுபடி திறப்பார். ஒரு தடவை, “மேற்படி தண்ணீரை என் ஃபைட்டர் மீனுக்குக்கூட நான் விடுவதில்லை” என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

மறுநாள் அலுவலகத்திலிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். தான் யாரென்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது:

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. சொல்லுங்க.”

அவர் சொன்னார். கிழிந்த வால், மஞ்சள் மருந்து, இரண்டு தடவை சுத்திகரித்த தண்ணீர், கண் ஆபரேஷன் ஆகியிருக்கிற மாமனார் என்று ஒன்றையும் விடவில்லை. தன் புகாரைப் பாதியில் யாரும் வெட்டாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறேன்” என்றார் அந்த அம்மா. அதில் கிண்டல் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “மீனை விட்டுட்டுப் போனாரே, அவர் என்ன சொல்லிட்டுப் போனார்?”

“குழாய்த் தண்ணி. தினம் ஒரு சொம்பு மாத்தணும்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கண்டிப்பான்னு சொன்னேன்.”

“அந்தக் கண்டிப்பாவைத்தான் நானும் மாசக் கணக்கா வாங்கிட்டிருக்கேன், தம்பி.”

அதோடு அந்த அம்மா அவரை விட்டுவிட்டார். மிச்சமெல்லாம் வைத்தியம். உங்கள் கருவி தண்ணீரிலிருக்கிற உப்புச் சத்தையெல்லாம் எடுத்துவிடும், மீனுக்கு அதுவும் வேண்டும் என்றார். மீனின் கழிவும் தின்னாத தீனியும் கரைந்து நஞ்சானாலும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும் என்றார். மருந்தை நிறுத்தச் சொன்னார். முனை கூராக இருக்கும் பிளாஸ்டிக் செடி வாலைக் கிழிக்கும், அதைப் பிடுங்கச் சொன்னார். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டினால் அது தாங்காது. பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். மீன் கடையில் விற்கும் உப்பில் ஒரு சிட்டிகையைத் தனியாகக் கரைத்து விட வேண்டும். தீனியைக் குறைக்க வேண்டும்.

“பிழைக்குமாம்மா?”

“மேற்படி மீன் பிழைக்கிறது கடவுள் கையில. மேற்படி தண்ணி உங்க கையில.”

தன் கருவியைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். வருத்தம் தெரிவித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கேட்காமல் விட்டதால், சாயங்காலம் கிடங்கிலிருந்து ஒரு புது வடிகட்டியை எடுத்துக்கொண்டு அவரே அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். கருவியைத் திறந்தார். ஏழு தடவை ‘மாற்றியாயிற்று’ என்று பதிவான வடிகட்டி, குளத்துப் படிபோலப் பாசி பிடித்து, தன் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அந்த நாற்றத்தை அவர் மூக்கு அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தது. அதைக் கழற்றும்போது மேலெல்லாம் தெறித்தது. அந்த அம்மா துடைத்துக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தார். பிறகு ஒரு கிண்ணத்தில், துரைக்கென்று கொஞ்சம் உப்பு.

அதற்குப் பிறகு அவர் தினமும் அலுவலகம் கிளம்புமுன் ஒரு சொம்பு எடுத்தார், ஒரு சொம்பு விட்டார். இதில் சாமர்த்தியம் காட்ட இடமே இல்லை என்பது அவருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வால் மேலும் கிழியாமல் நின்றது. ஒரு காலையில் மாமனாரின் குரல் போனில் கேட்டதும் துரை தானாகவே கண்ணாடியோரம் வந்து, மிச்சமிருந்த வாலை விரித்துக் காட்டியது. அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி ஆவி பட்டுவிட்டது என்றாள்.

இதற்கிடையில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். புகார் அழைப்புகளில் அவர் பேசும் நேரம் திடீரென்று நீண்டுகொண்டே போகிறதாம். வாடிக்கையாளர்களிடம் என்ன வாசனை, எப்போதிருந்து என்றெல்லாம் கேட்கிறாராம். போதாக்குறைக்கு நேரில் வேறு போகிறாராம். இதனால் பிரிவின் தரம் இறங்குகிறது என்றார் மேனேஜர். வருத்தம் சார் எழுந்து நின்று, முறைப்படி வருத்தம் தெரிவித்தார். பிறகு தன் இடத்துக்கு வந்து அடுத்த அழைப்பை எடுத்து, என்ன வாசனை என்று கேட்டார்.

மாமனார் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருந்தது. அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. வால் பாதியாயிருந்தது. அதன் ஓரத்தில், நிறமே ஏறாத மெல்லிய புதுத் தோல் கண்ணாடித்தாள் போல வளரத் தொடங்கியிருந்தது.

வருத்தம் சாரின் நாக்கு நுனிவரைக்கும் ‘ஒரு குறையும் இல்ல மாமா’ வந்தது. அதை விழுங்கினார்.

“நீங்க சொன்னதை நான் காதுல போட்டுக்கல மாமா. குழாய்த் தண்ணி மட்டம்னு நினைச்சு வேற தண்ணியை விட்டேன், மாத்தவும் இல்ல. வால் அழுகிப் போச்சு. ஒரு அம்மா சொல்லிக் கொடுத்துத்தான் இந்த மட்டும் தேறியிருக்கு.”

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் வாசற்படியில் வந்து நின்றாள். பிறகு மாமனார் தொட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“துரை, எனக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்குடா. அடுத்த மாசம் அதையும் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அப்பவும் நீ இங்கயே இருந்துக்கோ. மாப்பிள்ளைக்கு இப்ப தண்ணி மாத்தத் தெரியும்.”