இரண்டாவது சார்ஜர்

மக்கள் எதை வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் அலுவலகத்தில் என் வேலை. பற்பசை, குடை, குக்கர் எல்லாம் கேட்டு முடித்தாயிற்று. குடை விஷயத்தில் யாரும் என்னிடம் பொய் சொன்னதில்லை. கேமராவுக்கு வந்தபோதுதான் ஊரே ஒன்று சேர்ந்து புளுகியது.

பெரிய கேமராக் கடை ஒன்று எங்களிடம் ஆய்வு கேட்டிருந்தது. போட்டோகிராபர்களில் யார் ஒரே பிராண்டோடு இருக்கிறார்கள், யார் இரண்டு வைத்திருக்கிறார்கள், ஏன்? இங்கே இருப்பது இரண்டே கட்சிதான். கழுத்துப் பட்டையில் சிவப்புக் கோடு போட்டது ஒன்று, நீலக் கோடு போட்டது இன்னொன்று. ஒன்றின் லென்ஸ் மற்றதில் பொருந்தாது. தூரத்தைக் கிட்டே இழுக்கும் ஜூம் வளையத்தைக்கூட சிவப்புக்காரர் ஒரு பக்கம் சுற்றினால் நீலக்காரர் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, எல்லாவற்றிலும் எதிரும் புதிரும்தான்.

"எத்தனை பிராண்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் எல்லோரும் நெஞ்சைத் தட்டினார்கள். "ஒன்னே ஒன்னுதான் மேடம். செத்தாலும் சிவப்புதான்" என்றார் ஒருவர். நான் சும்மா இருப்பேனா? கேள்வியை மாற்றினேன். "வீட்ல எத்தனை வகை சார்ஜர் இருக்கு?"

ஒரு கட்சியின் பேட்டரி மற்றதன் சார்ஜரில் உட்காராது. ஆனால் சார்ஜரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றவில்லை. "ரெண்டு வகை..." என்று ஆரம்பித்துவிட்டு, "ஒன்னு மச்சானோடது" என்று இழுத்தார் அந்தச் 'செத்தாலும் சிவப்பு'க்காரர். மச்சான் பல் டாக்டராம். யார் அதிகமாக நெஞ்சைத் தட்டினார்களோ, அநேகமாக அவர்கள் வீட்டில்தான் இரண்டாவது சார்ஜர் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள். அன்றிலிருந்து நான் வாயை நம்புவதில்லை.

குழந்தைகளைப் படமெடுக்கும் ஒரு பெண் மட்டும் ஒளிக்காமல் பேசினாள். "கட்சி மாறின புதுசுல கை கேக்கவே கேக்காது மேடம். இந்தப் பக்கம் சுத்துன்னா விரல் அந்தப் பக்கம் போகும். எத்தனையோ பிள்ளைங்க சிரிப்பைக் கோட்டை விட்டேன். கை பழக ஒரு வருஷமாவது ஆகும். கண்ணை மூடிட்டு சுத்தற அளவுக்குன்னா, இன்னும்கூட ஆகும்."

இந்தச் சார்ஜர் கேள்வியை நான் கேட்காமல் விட்டது என் வீட்டுக்காரர் ஒருவரிடம்தான். அவர் சிவப்புக்காரர் சங்கத்தின் தலைவர். ஊரில் அவருக்குப் பெயரே 'தலைவர்'தான். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், தொனி மட்டும் கொஞ்சம் வேறு.

அவருக்கு ஒரே தம்பி. என் கொழுந்தன். நாங்கள் சின்னவன் என்போம். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஸ்டூடியோவில் இருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஊர்க் கல்யாணங்களை எல்லாம் எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சங்கக் கூட்டத்தில் சின்னவன் பையைத் திறந்தபோது நீலக்கட்சி ஜூம் லென்ஸ் ஒன்று எட்டிப் பார்த்தது. நண்பனின் கேமராவில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். "நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அடுத்தவன் கேமராவுக்கு ஏங்கறான் பாருங்க" என்றார் தலைவர், அத்தனை பேர் முன்னால். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டுப் பாதியைக் கூட்டம் எடுத்துக்கொண்டு சிரித்தது. மீதிப் பாதி சின்னவன் நெஞ்சில் தைத்தது.

அந்த வாரமே அவன் தனி ஸ்டூடியோ போட்டான். அங்கே எல்லாமே நீலம். போகும்போது அந்த லென்ஸை மட்டும் மேஜைமேல் வைத்து, "இதை நீங்களே வச்சு அழகு பாருங்க" என்றான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சின்னவனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் வந்தது. அதோடு ஒரு போன்கூட வரவில்லை. "ஊரார் கல்யாணமெல்லாம் நான் எடுத்தேன். என் தம்பி கல்யாணத்துக்கு விருந்தாளியா வரணுமாம். நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நாள் இவர் போகாமல் இருந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஒட்டாது.

நானே சின்னவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணனைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க அண்ணி" என்றான். "ஆனா கையில கேமரா வேண்டாம். என் ஆளுங்க எல்லாம் நீலம். அவங்க முன்னாடி கிண்டலா ஒரு வார்த்தை சொன்னாலும் அன்னிக்கு என்னால தாங்க முடியாது."

மறுநாள் என் போனுக்குச் சார்ஜ் போட ஸ்டூடியோவில் காலி பிளக் தேடினேன். மேஜைக்குப் பின்னால், சுவரோரம், ஒரு சார்ஜர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். நீலக் கோடு.

ஊரெல்லாம் சார்ஜர் எண்ணியவளுக்குத் தன் வீட்டுச் சார்ஜர் தெரியவில்லை. சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் உள்ளே வந்ததும் அதைத் தூக்கிக் காட்டினேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

"அந்தப் பையனை ஊர் சிரிக்க வச்சு அனுப்பிட்டு, நீங்களே திருட்டுத்தனமா வாங்கி வச்சிருக்கீங்களா?"

"கத்தாதே. இது பழைய கேமரா. அவன் லென்ஸுக்காக வாங்கினது."

"அவன் லென்ஸுக்கு என்ன?"

"லென்ஸை மூடியே வச்சா கண்ணாடிக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும். வெளிச்சம் படணும், வளையம் சுத்தணும். அவன் ஆசையா வாங்கினது. நாளைக்கு வந்து கேட்டா, பூஞ்சை பிடிச்சதையா எடுத்துக் குடுக்கறது?"

தினமும் காலையில் நான் குளிக்கப் போனதும் மாடிக்குப் போவாராம். படங்களைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டி, காக்கை, நான் காயப்போட்ட போர்வைகள், மறுபடியும் காக்கை. இரண்டு வருடத்துக் காக்கைகள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆய்வில் இரண்டாவது பிராண்டு வாங்கக் காரணம் என்று விலை, எடை, வீடியோ என்றெல்லாம் பிரித்து வைத்திருந்தேன். இவர் எதிலும் அடங்கவில்லை.

"இதை அவன்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா? தலைவரும் கட்சி மாறிட்டார்னு ஊர் பேசறதுக்கா? கேட்டா குடுப்பேன். அவ்வளவுதான்."

போனை எடுத்துச் சின்னவனிடம் கொட்டிவிடலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டேன். நான் சொன்னால் அது அண்ணியின் சமாதானப் பேச்சு, அவ்வளவுதான். வாயால் சொல்வதன் மதிப்பு என் தொழிலில் எனக்குத் தெரியும்.

"கேமரா வேண்டாம்" என்றேன். "விருந்தாளியாவே வாங்க. அவன் பொருளை அவன் கையில குடுத்துட்டு வந்துடலாம். பெரிய மனுஷன் அடுத்தவன் பொருளை வச்சுக்கலாமா?"

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கேமரா இல்லாத கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், மார்பில் கட்டினார், கடைசியில் என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். மோதிரம் மாற்றி முடிந்து, எல்லோரும் வரிசையில் மேடையேறி வாழ்த்தினார்கள். எங்கள் முறை வந்தது.

சின்னவன் அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். இவர் மெத்தென்ற துணியில் சுற்றிய லென்ஸை நீட்டினார். "உன் பொருள்."

வாங்கியவன், அத்தனை பேர் காத்திருக்க, அதை மேடை விளக்குக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தொழில் புத்தி எங்கே போகும்? "ஒரு புள்ளிகூட இல்லையே" என்று முணுமுணுத்தான். மேலே துடைத்துக் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தானோ என்னவோ, லென்ஸைக் கையில் பிடித்தபடியே வரிசையில் அடுத்தவரைப் பார்த்துத் திரும்பினான். நாங்கள் இறங்க வேண்டியதுதான்.

கட்சிச் சண்டை எதுவும் அறியாத மணப்பெண்தான் வாயைத் திறந்தாள். "மாமா, நீங்க பெரிய போட்டோகிராபராமே! எங்களை ஒரு படம் எடுங்களேன்."

சின்னவன் முகம் இறுகியது. கிண்டலுக்காகக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் குழுவில் இருந்த பெண் சங்கடத்தோடு தன் கேமராவைக் கழற்றி நீட்டினாள். இவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"சார், இதுல ஜூம் உங்களுக்கு அப்படியே எதிர்ப்பக்கம்..." என்று அந்தப் பெண் விளக்க ஆரம்பித்தாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் தம்பி கையிலிருந்து லென்ஸை வாங்கினார். கேமராவில் இருந்ததைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். குனிந்துகூடப் பார்க்காமல் இதைப் பொருத்தினார், 'டக்'கென்று உட்கார்ந்தது. இடது கை விரல்கள் வளையத்தைச் சுற்றின. தடுமாறவில்லை. நீலக்கட்சிக்காரன் சுற்றும் பக்கம்தான் சுற்றின. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

சின்னவன் அந்த விரல்களையே பார்த்தான். அப்படிச் சுற்ற எத்தனை காலம் ஆகும் என்று கட்சி மாறிய அவனுக்குத் தெரியாதா?

"எவ்வளவு நாளா அண்ணா?" என்றான்.

இவர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பேசாம கேமராவைப் பாருடா."

அவன் பார்க்கவில்லை. அவர்கள் ஆல்பத்தின் முதல் படத்தில் மணப்பெண் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை அண்ணன் கையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான்.