மாயாண்டியின் ஒரு கோடி அலை

மாயாண்டிக்கு எழுபத்திரண்டு வயது. தான் பிரித்துப் பார்க்காத எந்தக் கடிகாரத்தையும் அவர் நம்புவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு நாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றபோது, அவர் கைக்கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ரப்பர் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஆறு ஐந்து. பேர் எழுதும் குமாஸ்தாவான கிராணி பார்த்த கடிகாரம்தான் கடிகாரம். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார்கள். அந்தக் கிராணி செத்தபோது மாயாண்டி இழவு வீட்டுக்குப் போனார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அது நாலு நிமிடம் வேகமாக ஓடியது, மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

படிப்பு ஆறாம் வகுப்பு. செனாவாங் தொழிற்சாலை ஸ்டோரில் பதினெட்டு வருடம் பெட்டி தூக்கினார். பக்கத்து மேசைப் பெண்கள் ஈயம் வைப்பதைப் பார்த்தே ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கத்தில்தான் ரேடியோ ஆர்வலர் கூட்டத்தில் புனிதா அறிமுகமானாள். தெமியாங்கில் இருக்கிறாள், கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறாள். போன் டவரிலிருந்து கழற்றி விற்ற பழைய ருபிடியம் பெட்டி ஒன்றை அவருக்கு வரவழைத்துத் தந்தவள் அவள்தான்.

"உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கு அங்கிள். அதுல ருபிடியம்னு ஒரு உலோகம். சூடானா விளக்கு மாதிரி எரியும். அந்த அணு ஒரே கணக்குலதான் துடிக்கும். அதப் பாத்துப் பாத்துப் பெட்டி செகண்டுக்கு ஒரு கோடி அலை அனுப்பும்."

"அந்த அணுவ யாராச்சும் முன்ன பின்ன தள்ள முடியுமா?"

"அணுவயா? முடியாது லா."

மாயாண்டிக்கு அது போதும். மனிதன் கை படாத ஒரு துடிப்பு. அன்றைக்கே கூட்டத்தில் எழுந்து, தன் பெட்டியின் துடிப்பை எவன் கடிகாரத்தோடும் ஒட்ட வைக்கப் போவதில்லை, ஒட்ட வைத்தால் பெட்டியை அவனுக்கே தூக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

அவர் மனைவி செல்லம்மா பெட்டியைத் தூர நின்று பார்த்தாள்.

"அணுங்கிறீங்க. வெடிக்குமா?"

"வெடிச்சா உனக்குத் தெரியவா போவுது?"

பெட்டி சூடாகும், சூட்டை இழுக்க அலுமினியம் வேண்டும். ரப்பர் பால் உறைய வைத்த பழைய அலுமினியத் தட்டு ஒன்று கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, ஓட்டை போட்டு, பெட்டியை நாலு திருகாணியில் இறுக்கினார். கோழிக்குச் செல்லம்மா வேறு சட்டி வைத்தாள். இருபத்து நாலு வோல்ட் வேண்டும் என்பதால் பழைய லாரி பேட்டரி இரண்டைச் சேர்த்தார். சூடேறும்போது பெட்டி கரண்டை இழு இழுவென்று இழுத்ததில் பேட்டரி படுத்துவிட்டது. சரியான பவர் சப்ளை வாங்கி, தடித்த வயர் போட்டார். ஐந்தாவது நிமிடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. அணு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மாயாண்டி அதை நம்பாமல் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டார். மூன்று தடவையும் அணைந்தது.

பிறகுதான் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. தொடாதே என்று எழுதியிருந்தது. உரித்தார். உள்ளே ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு திருகு. அப்படியென்றால் எவனோ ஒருவன் தன் இஷ்டத்துக்கு இதைத் திருகிவிட்டு மூடி ஒட்டியிருக்கிறான். எவனோ திருகியது தனக்கு ஆகாது. இரண்டு ஓரத்துக்கும் திருப்பிப் பார்த்து, நியாயமாக நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினார்.

ஞாயிறு மத்தியானம் திருநாவுக்கரசு வந்தார். செத்துப்போன கிராணியின் மகன். தொலைபேசி கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதே ரேடியோ கூட்டத்துக்காரர். கையில் பிஸ்கட் டின், டின்னுக்குள் சாட்டலைட்டிலிருந்து நேரம் பிடிக்கும் கருவி.

"சும்மா ஒத்துப் பாப்போம்ணே."

"பாக்கறதுக்கு மட்டும்தான்."

இரண்டின் அலைகளையும், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒரே ஸ்கோப்பில் விட்டார்கள். திருநாவுக்கரசின் அலை நின்றது. மாயாண்டியின் அலை அட்டை மாதிரி மெல்ல ஊர்ந்தது.

"உங்களுது ஓடுதுண்ணே."

"ஸ்கோப்ப உன் வயருல நிக்க வச்சிருக்க. என் வயருல நிக்க வையி."

பட்டனை மாற்றினார்கள். இப்போது மாயாண்டியின் அலை நின்றது, திருநாவுக்கரசின் அலை ஊர்ந்தது.

"பாத்தியா, உன்னுதுதான் ஓடுது."

"அண்ணே, எங்கிட்ட இருக்கறது சாட்டலைட்டு."

"மேல இருந்தா யோக்கியமா? மேல இருந்தவங்களையும் பாத்துட்டேன்."

திருநாவுக்கரசு டீயைக் குடித்தார். தன் அப்பாவைத்தான் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஐம்பது வருடமாகத் தெரியும்.

சி ரூசா கடற்கரையில் ஆன்டெனா கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் புனிதா மாயாண்டி வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். காரிலேயே அவளுடைய சொந்த ருபிடியம் பெட்டி சூடாக ஓடிக்கொண்டிருந்தது. வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். அவளுடையதும் திருநாவுக்கரசுடையதும் ஒட்டிக்கொண்டு நின்றன. மாயாண்டியுடையது மட்டும், நூறு வினாடிக்கு ஓர் அலை, தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள், இது பெரிய தப்பே இல்ல. முப்பத்தோரு வருஷத்துக்கு ஒரு செகண்டு" என்றாள் புனிதா. "ஆனா வாங்கினப்ப நான் பாத்தேன், இவ்வளவு போகல. ஸ்டிக்கர் வேற சுருங்கியிருக்கு. யாராச்சும் திருகினாங்களா?"

செல்லம்மா வாயைத் திறந்தாள். மாயாண்டி அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

மாயாண்டி ஊர்கிற அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அணுவின் மேல் குற்றமில்லை. பெட்டியின் மேல் மனிதன் கை பட்டிருக்கிறது, அது தன் கை. அதைச் சொல்லாவிட்டால் பெட்டி பிழையாகவே ஓடும், ஆனால் யாரோடும் ஒட்டாமல் ஓடும். சொன்னால் கிராணி மகன் டின்னைப் பார்த்துத்தான் திருக வேண்டும், கூட்டத்தில் சொன்ன வார்த்தையும் போகும்.

இரண்டு அலைகள் ஊர்ந்து போயின.

"நாந்தான் திருகினேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. புனிதா ஸ்டிக்கரை உரித்தாள்.

"கொடுங்கண்ணே, நான் வச்சுத் தரேன்" என்று திருநாவுக்கரசு கை நீட்டினார்.

"நீ கைய எடு. நீ பாத்துச் சொல்லு, நான் திருகறேன்."

அப்படித்தான் நடந்தது. திருநாவுக்கரசு ஸ்கோப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "கொஞ்சம் எடது பக்கமா... போதும்... அதிகமாப் போச்சு, திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாயாண்டி மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாகத் திருகினார். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. செல்லம்மா இரண்டு தடவை டீ போட்டாள். புனிதா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

ஐந்தரைக்கு அலை நின்றது. அரை மணி நேரம் பார்த்தார்கள், அசையவில்லை.

மாயாண்டி பவர் சப்ளையை நிறுத்தி, வயரைக் கழற்றி, தட்டோடு பெட்டியைத் தூக்கித் திருநாவுக்கரசின் மடியில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"ஒட்ட வச்சா குடுக்கறேன்னு சொன்னேன்ல."

"எனக்கெதுக்குண்ணே, எங்கிட்ட இருக்கே." பெட்டி இன்னும் சுட்டது. திருநாவுக்கரசு தொடையை நகர்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணுவோம். இது எனக்கு. உங்க வீட்டுலயே ஓடட்டும். எங்கூட்டுல வைக்க எடமில்ல."

மாயாண்டி யோசித்தார். இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்து, வயரை மாட்டி, சிவப்பு விளக்கு அணையும் வரை நின்றார்.

"இப்ப உங்களுதும் என்னுதும் ஒண்ணுண்ணே" என்றார் திருநாவுக்கரசு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே.

"ஆமா" என்றார் மாயாண்டி. "உன்னுது சரிதான்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."