அரை மருந்து

தோட்டத்து லயத்தில் ஆறு வீடும் அடங்கிவிட்டன. இலட்சுமியக்கா மட்டும் ஆட்டுப்பட்டியில், தனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆட்டின் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று போன வாரம் செத்தது. வயிற்றுப் புழு.

பக்கத்து வீட்டு சரோன் வாசலில் வந்து நின்றாள். பதினைந்து வயது. கையில் புது மருந்துப் போத்தல். நிவித்திகல டவுனில் மிருக வைத்தியர், வெட் மாத்தயா, கொடுத்தது.

"என்னாடி, பேய் மாதிரி நிக்கிற?"

"அக்கா... உங்க ஆட்டக் கொன்னது நாந்தான்."

"உன் மூஞ்சியப் பாத்து கோழிகூட பயப்படாது. உக்காரு."

சரோன் உட்காரவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் என்று லயத்து ஆட்டு மருந்தை அவளிடம்தான் விட்டிருந்தார்கள். ஓர் ஆட்டுக்கு இரண்டு மூடி என்று போத்தலில் போட்டிருந்தது. அந்தக் கணக்கில் பாதி ஆடுகளுக்குத்தான் வரும். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைத்தால் ஆறு வீட்டுக்கும் கிண்ணம் போகிற லயம். மருந்து மட்டும் மூன்று வீட்டோடு நிற்குமா? ஆட்டுக்கொரு மூடி ஊற்றினாள். இரண்டு வருசம், மாதம் தவறாமல்.

"பத்தாத மருந்துல நோஞ்சான் புழுதான் சாகுமாம்க்கா. தாங்குறது மிஞ்சி முட்ட போடும். அதுக்குப் பொறக்குறதும் தாங்கும். மாசாமாசம் நானே பொறுக்கிப் பொறுக்கி வளத்திருக்கேன்."

"எங்க வீட்டு மனுசனுக்குச் சாராயம் பழகுன மாதிரியா?"

"எந்தப் புழுவும் பழகலக்கா. சாகுறது செத்துச்சு, சாகாதது பெருகிருச்சு." போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "இது வேற ஜாதி மருந்து. ரெண்டு ஆட்டுக்குத்தான் வரும். விடிஞ்சா மருந்து கேட்டு எல்லாரும் வருவாங்க. இல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

இலட்சுமி டோர்ச்சை அடித்து ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். இரத்தமில்லாமல் வெளுத்திருந்தது.

"மத்த ஆடுங்க?"

"ரொபர்ட் மாமாவோடது இதவிட மோசம். மத்ததுக்குக் கண்ணு செவப்பாத்தான் இருக்கு. செவந்திருந்தா இப்ப மருந்தே வேணாம்னாரு மாத்தயா."

"சரி. அப்ப இதுக்கும் ரொபர்ட் அண்ணன் ஆட்டுக்கும் முழுசா ஊத்து. வர்றவங்ககிட்ட நான் பேசுறேன். ஆட்டப் பறிகுடுத்தவ சொன்னா கேப்பாங்க."

அவள் ஆட்டின் வாயைப் பிளந்து பிடித்தாள். சரோன் ஒரு மூடி ஊற்றினாள். ஊற்றிய கை, பழக்கத்தில் போத்தலை மூடப் போனது.

"புள்ள," என்றாள் இலட்சுமி, வாயை விடாமல். "இன்னொரு மூடி."